பிரமாணியும் அறுபது பேரும்

மேலை இசைக்குழுவைக் கோல் பிடித்து நடத்துபவர் பெரும்பாலும் எதையும் வாசிப்பதில்லை. கேரளத்தின் பாலக்காடு, திருச்சூர் கோயில் விழாக்களில் முழங்கும் பஞ்சவாத்தியத்தை நடத்தும் பிரமாணியோ, தானே தோளில் திமிலை என்ற தோல் வாத்தியத்தை மாட்டிக்கொண்டு வாசிக்கிறார். எழுதி வைத்த இசைத்தாள் கிடையாது. திமிலை வரிசையின் நடுவில் அவர். நேரெதிரே மத்தள முதல்வர். திமிலைக்குப் பின்னால் இலத்தாளம் என்ற கைத்தாளம், மத்தளத்துக்குப் பின்னால் கொம்பு, இரு வரிசைகளுக்கு இடையே இடைக்கா என்ற உடுக்கை வடிவ வாத்தியம்.

தாளவட்டம் 896 அட்சரத்தில் தொடங்கி 448, 224 என்று பாதி பாதியாகச் சுருங்க, வேகம் ஏறிக்கொண்டே போகும். எப்போது காலம் மாறுவது என்பதைப் பிரமாணியின் பார்வையும் கை அழுத்தமும் சொல்லிவிடும். அவர் எடுத்துக் கொடுப்பதை வரிசை ஏற்று வாசிக்கும். மத்தளம் தன் கற்பனையில் பதில் சொல்லும்போது பிரமாணி காத்திருப்பார். அந்தக் காத்திருப்பில்தான் தலைமையின் தரம் தெரிகிறது. நடத்துபவரே இல்லாமல் வாசிக்க 1972இல் நியூயார்க்கில் தொடங்கிய ஆர்ஃபியஸ் சேம்பர் ஆர்கெஸ்ட்ரா தேடியதும் இப்படிக் காதால் கட்டுண்ட கூட்டுறவைத்தான்.

இன்றைய வடிவம் 1930களில் உருப்பெற்றது. அதில் பெரும்பங்கு திருவில்வாமலை வெங்கிச்சன் சுவாமி என்ற தமிழ் மத்தளக் கலைஞருடையது. கழுத்தில் தொங்கிய மத்தளத்தை இடுப்பில் கட்டி வாசிக்க வைத்தவர் அவர். தொங்கும் பாரம் கழுத்தை விட்டு இறங்கியதால்தான் திமிலைக்கு ஈடுகொடுத்து மணிக்கணக்கில் வாசிக்க முடிந்தது என்பேன்.

குறை, ஆள் பெருகுவதில் இருக்கிறது. பெரிய விழாக்களில் அறுபது பேருக்கு மேல் நிறுத்துவது ஊர்ப்பெருமையாகிவிட்டது. வரிசைக் கடைசியில் நிற்பவருக்குப் பிரமாணியின் திமிலையைவிடத் தன் பிடரிக்குப் பின்னால் அடிக்கும் இலத்தாளமே பலமாகக் கேட்கும். தாளம் தப்பாது, ஆனால் நுணுக்கம் அவரை எட்டாது. அறுபது பேர் உழைப்பும் ஒருவர் பெயரிலேயே நோட்டீஸில் அச்சாவது இன்னொரு வருத்தம். பெண்களை இந்த வரிசைகளில் இன்றும் அரிதாகவே பார்க்கிறோம். பயிற்சியின் கடுமையைக் காரணம் காட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

எத்தனை பேர் என்பதை விழாக் கமிட்டி தீர்மானிக்கக் கூடாது. பிரமாணி முப்பது பேர் போதும் என்றால் முப்பது பேரோடு நடக்கட்டும்; மிஞ்சும் பணத்தில் அந்த முப்பது பேரின் சம்பளத்தை உயர்த்தி, நோட்டீஸில் அத்தனை பெயரையும் போடலாம்.