பாக்டீரியா இன்சுலினைச் சுரக்கிறதா? ஒரு கருத்துணர்தல் பகுதியைப் பற்றி

ஆசிரியர் குழுக்களில் கைமாறிக்கொண்டே இருக்கும் கருத்துணர்தல் பகுதி ஒன்று உண்டு. நுண்ணுயிர்களைக் கொண்டு மனித இன்சுலினைத் தயாரிப்பது பற்றியது. ஒன்றரைப் பக்கம், எட்டுக் கேள்விகள். எழுதியவர் பெயர் தாளில் இல்லை. நானும் படிவம் ஐந்துக்கு இதைத்தான் கொடுத்தேன். திருத்த உட்கார்ந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது.

மூன்றாம் கேள்வி: 'இன்சுலினைச் சுரப்பது எது?' விடைப்பட்டியில் 'பாக்டீரியா' என்று இருக்கிறது. ஒரு மாணவி 'கணையம்' என்று எழுதியிருந்தாள். விடைப்பட்டியின்படி அவளுக்குப் புள்ளி இல்லை. ஆனால் அவள் எழுதியது தப்பா? பகுதியை மறுபடி எடுத்துப் படித்தேன். கோளாறு 'சுரக்கிறது' என்ற வினைச்சொல்லில் இருந்தது.

சுரப்பது என்றால் உள்ளே ஊறி வெளியே வருவது. ஊற்று சுரக்கும், மடி சுரக்கும், கணையம் சுரக்கும். 1978-இல் அமெரிக்காவில் ஜெனென்டெக் நிறுவனத்தாரும் சிட்டி ஆஃப் ஹோப் ஆய்வாளர்களும் ஈ.கோலை பாக்டீரியாவை வைத்துச் செய்த வேலை அப்படிப்பட்டதல்ல. பாக்டீரியா செய்த புரதம் அதன் செல்லுக்குள்ளேயே தங்கிவிட்டது. செல்லை உடைத்துத்தான் அதை எடுத்தார்கள். உடைத்து எடுத்ததும் முழு இன்சுலின் இல்லை. இன்சுலினில் இரண்டு சங்கிலிகள்: ஒன்றில் 21 அமினோ அமிலங்கள், மற்றதில் 30. ஒவ்வொரு சங்கிலியையும் தனித்தனிப் பாக்டீரியாக்களில் செய்யவைத்தார்கள். அது பாக்டீரியாவின் சொந்தப் புரதம் ஒன்றோடு ஒட்டிக்கொண்டு உருவானது. அதிலிருந்து வெட்டிப் பிரித்து, சுத்தம் செய்து, கடைசியில் இரண்டு சங்கிலிகளையும் ஆய்வகத்தில் இணைத்தார்கள். ஆக, அது இன்சுலின் ஆனதே பாக்டீரியாவுக்கு வெளியேதான்! பின்னாளில் ஈஸ்டைக் கொண்டு செய்த முறையில் இன்சுலினின் முன்வடிவத்தை ஈஸ்டே வெளியே விடுகிறது. அங்கே 'சுரக்கிறது' என்று தாராளமாக எழுதலாம். இந்தப் பகுதி ஈஸ்டைத் தொடவே இல்லை.

அடுத்தது 'மனித உடலிலிருந்து எடுக்கப்பட்ட மரபணு' என்ற தொடர். 1978-இல் யாரும் அப்படி எடுக்கவில்லை. இன்சுலினில் எந்த அமினோ அமிலத்துக்குப் பின் எது வரும் என்று ஏற்கெனவே தெரியும். அந்த வரிசைக்கு ஏற்ற டி.என்.ஏ-வை வேதிமுறையில், எழுத்தெழுத்தாகக் கோத்துக் கட்டினார்கள். மனித மரபணுவை அப்படியே வைத்திருந்தாலும் பாக்டீரியாவால் பயன்படுத்த முடியாது. அதன் நடுவில் புரதத்துக்குத் தேவைப்படாத துண்டுகள் உண்டு. நம் செல்கள் அவற்றை வெட்டி நீக்கிவிட்டுப் படிக்கும். பாக்டீரியாவுக்கு அந்த வேலை தெரியாது.

'கலப்பினப் புரதம்' என்ற சொல்லையும் விட்டுவிட முடியவில்லை. கலப்பின மாடு தெரிந்த பிள்ளை என்ன நினைக்கும்? பாதி மனிதப் புரதம், பாதி பாக்டீரியாப் புரதம் என்றுதானே! வெட்டி ஒட்டப்படுவது டி.என்.ஏ. பாக்டீரியாவில் இருக்கும் பிளாஸ்மிட் என்ற வளையத்தை வெட்டி, புதுத் துண்டைச் சேர்த்து ஒட்டுகிறார்கள். முடிவில் கிடைப்பது மனித இன்சுலினேதான். 'மறுசேர்க்கை டி.என்.ஏ வழியாகச் செய்த புரதம்' என்று எழுதினால் கொஞ்சம் நீளும், நீளட்டுமே.

பகுதியில் நல்லதே இல்லை என்று சொல்லமாட்டேன். 1922-இல் டொராண்டோ மருத்துவமனையில் கிடந்த 14 வயதுப் பையன் லெனார்ட் தாம்சனோடு தொடங்குகிறது. பின்வரிசைப் பிள்ளைகள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஆனால் 'முதல் ஊசியே அவன் உயிரைக் காத்தது' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் எழுதியவர். ஜனவரி 11-ஆம் தேதி போட்ட முதல் ஊசி பெரிதாகப் பலன் தரவில்லை. மருந்தில் அசுத்தம் இருந்ததால் ஊசி போட்ட இடத்தில் சீழ்க்கட்டி வந்தது. காலிப் என்ற வேதியியலாளர் அதைச் சுத்திகரித்துத் தந்த பிறகு, 23-ஆம் தேதி போட்ட ஊசிதான் வேலை செய்தது. இதை எழுதியிருந்தால் பகுதியின் பிற்பாதிக்கே வழி பிறந்திருக்கும். பாக்டீரியாவிலிருந்து எடுத்ததையும் சுத்திகரிக்காமல் ஊசியில் ஏற்ற முடியாதே. அந்தக் கட்டத்தைப் பற்றி ஒரு வாக்கியம்கூட இல்லை. 'பாக்டீரியா பல்கிப் பெருகுகிறது' என்றதும் அடுத்த வரியில் 1982 அமெரிக்க அனுமதிக்குத் தாவிவிடுகிறது.

அந்தத் தாவலின் விளைவை வகுப்பிலேயே கேட்டேன். ஒரு பையன் கையைத் தூக்கினான். "டீச்சர், என் பாட்டிக்கு இனிப்பு நீர். அப்போ அவங்க தினமும் கிருமியையா குத்திக்கிறாங்க?" சிரிப்பு எழுந்தது. அவன் சிரிக்கவில்லை. பகுதியைச் சரியாகப் படித்தவன் அவன்தான். அதில் இருந்தது அவ்வளவுதான்.

"மொழிப் பாடம்தானே, இவ்வளவு நுணுக்கம் தேவையா?" என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். நான் மேலே பிடித்தவை எல்லாமே மொழிப் பிழைகள்தான் என்றேன். எந்த எழுவாய்க்கு எந்த வினை, எந்த அடை எந்தச் சொல்லோடு சேரும், எது முன் எது பின்: இவற்றைத்தானே நாம் கற்பிக்கிறோம்?

மாணவிக்கு இரண்டு புள்ளிகளையும் கொடுத்துவிட்டேன். மூன்றாம் கேள்வியை 'பாக்டீரியாவிலிருந்து எடுத்த சங்கிலிகள் இன்சுலினாக மாறுவது எப்படி?' என்று மாற்றி, அதற்கு விடை கிடைக்கும்படி பகுதியில் நான்கு வரிகள் சேர்த்தேன். வாக்கியம் நீண்டுவிட்டதாகப் பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். பாட்டியைப் பற்றிக் கேட்ட பையன் மட்டும் தாளைப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனான்.