சாமந்திக்குள் குடியிருப்பு

சந்தவாசல் பக்கம் நெசவு தெரிந்தவர் கையில் பட்டுப்புடவையைக் கொடுத்தால், கரையும் உடலும் சேரும் இடத்தைத்தான் முதலில் பார்ப்பார். மன்னார் வளைகுடாவின் கோமாளி மீனையும் கடல் சாமந்தியையும் அப்படிப் பார்க்க வேண்டும். மீனின் பட்டைக் கோடுகளில் மயங்கி நின்றுவிட்டால் மெய்யான அழகு தப்பிவிடும்.

கடல் சாமந்தி பூவல்ல, விலங்கு. அதன் உணர்விரல்கள் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத கொட்டும் செல்கள். வேறு சிறு மீன் உரசினால் நஞ்சேறி இரையாகிவிடும். கோமாளி மீனும் எடுத்த எடுப்பில் உள்ளே பாய்வதில்லை. வால் நுனியை வைத்துப் பார்க்கும்; வெடுக்கென்று விலகும். பிறகு அடித்துடுப்பு, பிறகு வயிறு. சில நிமிடங்களில் முடிவதும் உண்டு, மணிக்கணக்கில் நீள்வதும் உண்டு. பழகியபின் முழு உடம்பையும் புதைத்துப் புரளும். அதன் மேலுள்ள சளிப்பூச்சு அந்தச் செல்களைத் தூண்டுவதில்லை. என்ன பொறுமையான அறிமுகம்!

குடியிருப்புக்கு மீன் கைம்மாறும் செய்கிறது. சாமந்தியைக் கொறிக்க வரும் வண்ணத்துப்பூச்சி மீன்களை, தன்னைவிடப் பெரிதானாலும், விரட்டும். அதன் கழிவிலுள்ள அம்மோனியா, சாமந்தியின் திசுக்களுக்குள் வாழும் நுண்பாசிகளுக்கு உரம். பாசிகள் வெயிலில் சமைத்த உணவில் பங்கு சாமந்திக்கு. ஆக, இது இருவர் உறவே அல்ல, மூவர் குடித்தனம்.

எனக்கு மிகவும் பிடித்தது இரவு நேரம். இருட்டில் பாசிகள் பிராணவாயு தருவதில்லை. அப்போதும் மீன் விரல்களுக்கு நடுவே திரும்பித் திரும்பி அசைந்துகொண்டே இருக்கிறது. நீர் புரண்டு சாமந்திக்கு மூச்சு கிடைக்கிறது. செங்கடல் மீன்களை வைத்துச் செய்து 2013-இல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. படுத்த படுக்கையிலேயே விசிறுகிற இந்த அக்கறையை என்னவென்று சொல்ல!

முட்டைகள் சாமந்தியின் அடியில், பாறையில். விசிறிக் காப்பது ஆண். பொரிந்த குஞ்சுகள் சில நாள் திறந்த கடலில் மிதந்து, மணம் பிடித்து வேறொரு சாமந்தியைத் தேடிச் சேரும்.

மீனைப் பிடித்துக்கொண்டு போனால் சாமந்திக்குக் காவலில்லை. ராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரையிலான 21 தீவுகள் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவானது நல்ல காரியம். மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி மையம் ‘சீபே’ வகைக் கோமாளி மீனைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்த்திருக்கிறது. வீட்டுத் தொட்டிக்கு ஆசைப்படுபவர்கள் அப்படி வளர்ந்த மீனையே கேட்டு வாங்குங்கள்.