கல்லிலே பதிந்த கைகள்

ஜோத்பூர் சென்றோம், மெஹ்ரான்கர் கோட்டையைக் கண்டோம். 1459-ஆம் ஆண்டு ராவ் ஜோதா தோற்றுவித்த கோட்டை. செங்குத்துப் பாறைமீது ஓங்கி நிற்கிறது. கல்லைப் பூவேலையாக்கிய சிற்பியின் திறத்தை வியந்தோம், வியக்கத்தான் வேண்டும்.

ஆனால், இரும்பு வாயிலருகே நம் கால்கள் நின்றுவிட்டன. சுவரிலே சின்னஞ்சிறு கைப்பதிவுகள்! 1843-இல் மாண்ட மன்னன் மான்சிங்கோடு சிதையேறிய பெண்டிரின் நினைவுச் சின்னங்களாம் அவை. வங்கத்தில் 1829-லேயே தடை செய்யப்பட்ட கொடுமை, இங்கே பதினான்கு ஆண்டுகளுக்குப் பின்னும் புண்ணியமாயிருந்தது! இன்றும் அக்கைகளுக்குக் குங்குமமும் மலரும் சார்த்தி வணங்குவோர் உண்டு.

பழங்கதைதானே என்பீரோ? 1987-இல் அதே ராஜஸ்தானத்தின் தேவராலா சிற்றூரில், பதினெட்டு வயதுப் பெண்ணொருத்தி கணவன் சிதையிலே கருகினாள். அந்த இடத்தையும் கும்பிடக் கூட்டம் கூடிற்று. கும்பிடும் கரங்கள் உள்ளவரை கொள்ளிக்கும் வேலையிருக்கும்!

கோட்டையின் அடித்தளத்திலோ மற்றொரு கொடுமை. துறவியொருவரின் சாபம் நீங்க, ராஜாராம் மேக்வால் என்னும் தாழ்த்தப்பட்ட குலத்தவர் உயிரோடு புதைக்கப்பட்டார் என்று கோட்டையின் மரபே கூறுகிறது. அவர் விரும்பிச் செய்த தியாகமாம் அது! சாபம் பெற்றவன் மன்னன். குழியில் இறங்கியவர் மேக்வால். அத்தனை உயர்ந்த தியாகமெனில், அரச குலத்தில் ஒருவரேனும் அதற்கு முன்வராதது ஏன்?

தோழர்களே! கோட்டைகளை இடிக்கச் சொல்லவில்லை. கட்டாயம் சென்று காணுங்கள். ஆனால் வழிகாட்டி 'வீரம்' என்னும்போது, 'யாருடைய உயிர்?' என்று கேளுங்கள். கேள்வியோடு காண்பவனுக்குக் கோட்டை வரலாறு. கைகூப்பிக் காண்பவனுக்கு அதுவும் ஒரு கோயில்தான்!