வரவழைக்கப்படும் புரவியும் மறைக்கப்படும் உழைப்பும்: விளையாட்டு விதிகள் பற்றிய ஒரு நோக்கு

கலை இலக்கியங்களைச் சமூகத் தளத்தில் வைத்து நோக்கும் திறனாய்வு, காவியம், நாவல், நாடகம் ஆகியவற்றுடன் தன் எல்லையைச் சுருக்கிக்கொள்ளுதல் பொருத்தமன்று. மக்கள் கூடிக் கற்பனை செய்யும் வடிவங்கள் யாவும் அதன் ஆய்வுக்குரியனவே. கற்பனையின் வரம்புகள் விதிகளாக எழுதப்பட்டு அச்சிலேயே கிடைக்கும் வடிவம் ஒன்று இன்று உண்டு. மேசையைச் சுற்றியிருந்து ஆடப்படும் பாத்திரமேற்பு விளையாட்டே அது. ஒருவர் கதைநடத்துநராக அமைய, ஏனையோர் வீரன், மந்திரவாதி முதலிய பாத்திரங்களை ஏற்றுப் பகடையின் துணையுடன் கதையைக் கூட்டாக வளர்த்துச் செல்வர்.

இவ்வடிவத்தின் மூலநூல், ஐக்கிய அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் ஆகியோர் 1974ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ ஆகும். 1971இல் வெளிவந்த ‘செயின்மெயில்’ எனும் மத்தியகாலப் போர் விளையாட்டின் வழிவந்தது இது. எனவே நிலப்பிரபுத்துவ ஐரோப்பாவின் குதிரைவீரன் இவ்விளையாட்டின் பிறப்பிலேயே உடன்வந்தான். அவனைத் தாங்கிநின்ற உற்பத்தி உறவுகளும் உடன்வந்தனவா என்பதே எமது வினா. வரவழைக்கப்படும் புரவி பற்றிய விதிகளைக் கொண்டு இவ்வினாவை இங்கு ஆராய்கிறோம்.

‘பலடின்’ எனப்படும் அறநெறி வீரனுக்கே இவ்விதிகளில் சிறப்பிடம் உண்டு. 1978ஆம் ஆண்டின் ஆட்டக்காரர் கைந்நூல், நான்காம் படிநிலையை எய்திய பலடின் அறிவுள்ள போர்க்குதிரையொன்றை அழைக்கலாம் என்றது. ஆனால், பத்து ஆண்டுகளுக்கு ஒரு குதிரையே கிட்டும். அது இறந்துபடின் அக்காலம் முடியும்வரை காத்திருத்தல் வேண்டும். 1979இல் வெளிவந்த கதைநடத்துநர் நூல் இதனை மேலும் இறுக்கியது. அழைப்பின்போது தோன்றுவது குதிரையின் காட்சி மட்டுமே. அது நிற்கும் இடத்துக்குப் பயணஞ் செய்து, அடக்கியோ காவலனை வென்றோ அதனைப் பெறல் வேண்டும்.

2003ஆம் ஆண்டின் திருத்திய மூன்றாம் பதிப்பில் நிலைமை மாறுகிறது. புரவி விண்ணுலகிலிருந்து நாளுக்கு ஒரு தடவை வரவழைக்கப்படுகிறது. பலடினின் படிநிலை ஒவ்வொன்றுக்கும் இரண்டு மணித்தியாலம் வீதம் பணிசெய்து மறைகிறது. அது இறந்தால், முப்பது நாள் கழியும்வரை அல்லது அடுத்த படிநிலையை எய்தும்வரை வேறொன்றை வரவழைக்க இயலாது. அதுகாறும் வீரனின் தாக்குதல் வலுவும் ஒரு புள்ளி குறைந்தே நிற்கும். இழப்பு இங்கு துக்கத்தின் சாயலையேனும் கொண்டிருந்தது. 2014ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பிலோ, இறந்த புரவி உடலெதனையும் விட்டுச் செல்லாது மறைகிறது. பத்து நிமிட மந்திரத்தினால் அதே புரவி முழு உடல்நலத்துடன் மீள்கிறது. 2024ஆம் ஆண்டின் நூல் இதனையும் சுருக்கிற்று. ஆறு விநாடிச் சுற்றொன்றில் ஆற்றக்கூடிய ஒரு செயலே இப்போது போதுமானது.

பத்து ஆண்டுகள், முப்பது நாட்கள், பத்து நிமிடங்கள், ஆறு விநாடிகள்: புரவியின் மரணத்துக்கு விதிகள் வழங்கிய மதிப்பின் வரலாறு இதுவாகும்.

இம்மந்திரத்தின் சமூக உள்ளடக்கத்தை விளங்கிக்கொள்ள அதே நூல்களின் விலைப்பட்டியலை நோக்குதல் வேண்டும். 2014ஆம் ஆண்டின் நூலில் சவாரிக் குதிரையின் விலை 75 பொற்காசு. போர்க்குதிரையின் விலை 400 பொற்காசு. தேர்ச்சியற்ற கூலியாளின் நாட்கூலி 2 வெள்ளிக்காசு. பத்து வெள்ளிக்காசு ஒரு பொற்காசாதலின், சவாரிக் குதிரை ஒரு கூலியாளின் 375 நாள் உழைப்புக்கும் போர்க்குதிரை 2,000 நாள் உழைப்புக்கும் சமம். குதிரையைத் தொழுவத்தில் வைத்துப் பேணுவதற்கு நாளொன்றுக்கு 5 வெள்ளிக்காசு. அதாவது, இரண்டரை மனிதரின் நாட்கூலி. தன் கற்பனை உலகின் சுரண்டலை நூலே தன்னையறியாது பதிவுசெய்துள்ளது. வரவழைக்கப்படும் புரவிக்கோ இவை எவையும் இல்லை. 2003ஆம் ஆண்டுப் பதிப்பின் எளிய மந்திரமொன்று, குதிரைமயிர்த் துணுக்கொன்றைக் கொண்டு குதிரையை வரவழைக்கிறது. அது கடிவாளமும் சேணமும் பூண்டே வந்து நிற்கிறது. அச்சேணத்தைத் தைத்த தோல்வினைஞன் யார் என்னும் வினா எழுவதற்கே அங்கு இடமில்லை. பண்டத்தில் உறைந்த உழைப்பு கண்ணுக்குத் தெரியாது போதல் பற்றி மார்க்ஸ் விளக்கினார். இங்கு உழைப்பு மறைவதோடு அமையாது, இல்லையென்றே விதிக்கப்படுகிறது.

ஆயினும், இதனைக் கொண்டு இவ்விளையாட்டை நழுவல்வாதமெனத் தள்ளிவிடுதல் யாந்திரிகமான முடிபாகும். அங்கவடியின் வருகையிலிருந்து நிலப்பிரபுத்துவத்தையே வருவிக்க முயன்றார் லின் வைற். அவரது 1962ஆம் ஆண்டு நூலை மார்க்சிய வரலாற்றாசிரியர் றொட்னி ஹில்ற்றனும் பீற்றர் சோயரும் 1963இல் கடுமையாக மறுத்தனர். கருவியொன்றிலிருந்து சமூகத்தை வருவித்தல் எவ்வளவு தவறோ, விதியொன்றிலிருந்து ஆடுவோரின் நனவை வருவித்தலும் அவ்வளவு தவறாகும். விதிமாற்றத்துக்கு நடைமுறைக் காரணங்கள் உண்டு. நிலத்தடிக் குகைகளில் நிகழும் கதையில் குதிரை பெருஞ்சுமை. முதற் போரிலேயே குதிரையை இழந்தவர், ஆட்டத்தின் எஞ்சிய காலம் முழுவதும் தம் பாத்திரத்தின் சிறப்பை இழந்தவராவார்.

மேலும், பழைய விதியைப் பொற்காலமாக்குதலும் ஆகாது. 1978இல் பலடினாகும் தகுதி மனித இனத்தவருக்கு மட்டுமே உரியது. கவர்ச்சிப் பண்பும் பதினேழு புள்ளிக்குக் குறையலாகாது. 2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பு இத்தடைகளை நீக்கிற்று. குதிரையேறும் உரிமை பரவலாகியது. அவ்வுரிமையைத் தாங்கிநின்ற உழைப்பு அழிக்கப்பட்டது. இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்ந்தமையே இங்குள்ள முரண்பாடு. அனைவரும் வீரராகலாம் எனும் வாக்குறுதி, இலாயக்காரன் எவனும் இல்லாத உலகிலேயே நிறைவேறுகிறது.

மந்திரப் புரவி தமிழ் வாசகருக்குப் புதியதன்று. நரிகள் பரிகளான கதையைத் திருவிளையாடற் புராணம் கூறும். குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்த பொருளை வாதவூரர் கோயிற் பணியில் செலவிட்டார். இறைவன் நரிகளைப் பரிகளாக்கிக் கொணர்ந்தான். இரவானதும் அவை மீண்டும் நரிகளாகின. இலாயத்திலிருந்த உண்மைக் குதிரைகளையும் கடித்தன. கடல்வழி வந்த குதிரைகளுக்குப் பெரும்பொருள் செலவிட்ட அரசின் நினைவு இக்கதையில் உறைந்துள்ளது. அற்புதம் நிகழ்ந்த பின்னரும் கணக்கு முடியவில்லை; அரசன் பொருளைக் கேட்கிறான், அமைச்சர் தண்டனைக்குள்ளாகிறார். பக்தியின் கருத்துநிலையில் நின்றபோதிலும், அப்புராணம் மந்திரக் குதிரைக்கு ஒரு விலையை ஒப்புக்கொள்கிறது. அமெரிக்க விளையாட்டின் விதி அதனை ஒப்புக்கொள்வதில்லை.

பளுவான உழைப்பிலிருந்து விடுபட விழையும் மனித வேட்கை பொய்யானதன்று. மந்திரக் கதைகள் யாவற்றிலும் அதன் குரல் உண்டு. எமது மறுப்பு அவ்வேட்கைக்கு எதிரானதன்று. விடுதலை ஏறிச்செல்பவனுக்கு மட்டும் கிட்ட, புல் அறுத்தவனும் இலாடம் அடித்தவனும் விடுவிக்கப்படாமலே கதையிலிருந்து நீக்கப்படுவதையே மறுக்கிறோம். இவ்வடிவத்துக்கெனச் சிறப்பான வாய்ப்பொன்றும் உண்டு. அச்சிட்ட நாவலை வாசகர் திருத்தவியலாது. இவ்விளையாட்டின் விதியையோ மேசையைச் சுற்றியிருப்போர் தம்முள் இணங்கி மாற்றலாம். இரண்டு வெள்ளிக்காசுக்கு நாள் முழுதும் உழைப்பவன், ஆறு விநாடியில் தோன்றும் புரவியைக் கண்டு என்ன நினைப்பான் என்று கதைநடத்துநர் ஒருவர் கேட்பாராயின், அக்கதை வேறொரு திசையிற் செல்லும். அக்கேள்வியை எழுப்புவதே முற்போக்குத் திறனாய்வின் பணியாகும்.