வாங்கச் சொல்பவருக்கே வாய்ப்பு

அமெரிக்காவில் மாணவர்கள் நடத்தும் முதலீட்டு நிதி புதிய சரக்கல்ல. டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்தில் 1973-இல் வில்லியம் கானர் என்ற தொழிலதிபர் தம் ஆல்கான் நிறுவனப் பங்குகளைக் கொடுத்துத் தொடங்கிவைத்த நிதி இன்றும் மாணவர் கையில்தான் இருக்கிறது. அரசு நிறுவனமான டென்னசி வேலி ஆணையம், அணு உலைகளை ஒருநாள் மூடவேண்டிவரும் செலவுக்கென்று ஒதுக்கிய பணத்தில் ஒரு சிறு பகுதியை 1998 முதல் தன் வட்டாரத்துப் பல்கலைக்கழக மாணவர்களிடம் ஒப்படைத்து வருகிறது. அணு உலைப் பணத்தை இருபது வயதுக்காரர்களிடம் கொடுக்க ஒரு துணிச்சல் வேண்டும்.

அந்தத் துணிச்சலில் நியாயமும் இருக்கிறது. கணினியில் போலிப் பணம் வைத்து ஆடும் பங்குச்சந்தைப் போட்டியில் ஜெயிக்க எளிய வழி, இருப்பதிலேயே ஆபத்தான பங்கில் மொத்தத்தையும் போடுவது. தோற்றால் எவருக்கும் நஷ்டமில்லை. அசல் பணம் என்றால், விலை இருபது சதவீதம் இறங்கிய மறுநாள் கூட்டத்தில் உட்கார்ந்து, ஏன் வாங்கச் சொன்னோம் என்று பதில் சொல்லியாக வேண்டும். எந்தப் பாடப்புத்தகமும் அந்தக் கூச்சத்தைக் கற்றுத்தராது.

என் குறையெல்லாம் உள்ளே நுழையும் வாசலைப் பற்றியது. நிதி, மதிப்பெண் உள்ள பாடமாக இருந்தால் பேராசிரியர் ஆள் எடுக்கிறார். மாணவர் மன்றமாக இருந்தால் மாணவர்களே மாணவர்களை எடுக்கிறார்கள். இந்த இரண்டாவது வகையில்தான் நெரிசல். தன்விவரக் குறிப்பு, ஏதாவது ஒரு பங்கை வாங்கச் சொல்லி ஓரிரு பக்கப் பரிந்துரை, பிறகு நேர்காணல். அங்கே தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு: தேய்மானம் 10 டாலர் கூடினால் மூன்று நிதி அறிக்கைகளிலும் என்ன மாறும்? வரி 40 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் நிகர லாபம் 6 டாலர் குறையும். தேய்மானத்தில் பணம் வெளியே போவதில்லை என்பதால் 10 டாலரைத் திரும்பக் கூட்ட, கையிருப்பு 4 டாலர் ஏறும். இயந்திரங்களின் கணக்கு மதிப்பு 10 இறங்கும். பேலன்ஸ் ஷீட்டின் இரு பக்கமும் 6 குறைந்து சமமாகும்.

நல்ல கேள்விதான். லாபம் வேறு, பணம் வேறு என்பதை நான்கே வரியில் உணர்த்திவிடுகிறது. ஆனால் வங்கி வேலைக்கான நேர்காணல் வழிகாட்டிகளில் விடையோடு அச்சாகி விற்கும் கேள்வி அது. அப்பா நிதித்துறையில் இருக்கும் வீட்டுப் பையனுக்கு அது சாப்பாட்டு மேசைப் பேச்சு. குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வந்தவளுக்கு அப்படி ஒரு வழிகாட்டி இருப்பதே தெரியாது. கல்லூரிக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகாத முதலாண்டு மாணவரிடம் இதைக் கேட்பது, நீச்சல் தெரிந்தவருக்குத்தான் நீச்சல் வகுப்பில் இடம் என்பதைப் போல.

முதலாண்டிலேயே உள்ளே நுழையத் துடிக்கும் அவசரத்துக்குக் காரணம் வளாகத்துக்கு வெளியே இருக்கிறது. அமெரிக்க முதலீட்டு வங்கிகள் மூன்றாம் ஆண்டுக் கோடைப் பயிற்சிக்கு ஓராண்டுக்கும் முன்பே, மாணவர்கள் இரண்டாம் ஆண்டில் இருக்கும்போதே, ஆள் பிடிக்கத் தொடங்கிவிடுகின்றன. அதற்குள் தன்விவரக் குறிப்பில் ஒரு வரி ஏறியாக வேண்டும். உயர்மட்ட நிறுவனங்கள் ஆள் எடுக்கும் முறையை ஆராய்ந்து லாரன் ரிவேரா 2015-இல் எழுதிய ‘பெடிக்ரீ’ நூல், பாடத்துக்கு வெளியே ஒருவர் என்ன செய்தார் என்பதற்கு அங்கே எவ்வளவு எடை என்று காட்டுகிறது. ஆக, பலருக்கு நிதியில் சேர்வதே பரிசு. முதலீடு அதற்குப் பிறகு வரும் வேலை.

இதைவிடப் பெரிய கோளாறு அந்த ஓரிரு பக்கப் பரிந்துரையில் இருக்கிறது. அதை எழுதுவதால் பயன் இல்லாமல் இல்லை. நிறுவனத்தின் ஆண்டறிக்கையை, அடிக்குறிப்புகள் உட்பட, முதன்முதலாக முழுதும் படிக்க வைக்கிறது. ஆனால் அது கேட்பது வக்கீல் வாதம். இலக்கு விலை இவ்வளவு, வாங்கலாம் என்று தயங்காமல் முடிக்கிறவர் தேறுகிறார். மூன்று வாரம் படித்துவிட்டு, இந்த விலைக்கு இது வேண்டாம் என்ற முடிவுக்கு வந்தவர் விண்ணப்பத்தில் எதை எழுதுவார்? முதலீட்டில் பெரும்பாலான நாட்களுக்கான சரியான முடிவு அதுதான். அமெரிக்கப் பெரு நிறுவனப் பங்குகளைத் தேர்ந்தெடுத்து வாங்கும் தொழில்முறை நிதிகளிலேயே பத்தில் எட்டுக்கும் மேற்பட்டவை, பதினைந்து ஆண்டுக் கணக்கில் சாதாரண இண்டெக்ஸிடம் தோற்றுப்போகின்றன. தன்னம்பிக்கைக்குப் பஞ்சம் உள்ள துறையல்ல அது.

நட்டமும் பல இடங்களில் மாணவர் தலையில் விழுவதில்லை. மொன்டானாவைச் சேர்ந்த டி.ஏ. டேவிட்சன் நிறுவனம் 1985-இல் தொடங்கிய திட்டத்தில் ஒவ்வொரு கல்லூரிக்கும் 50,000 டாலர் தரப்படுகிறது. 5 சதவீதத்துக்கு மேல் வரும் லாபத்தில் பாதி கல்லூரிக்கு, நட்டம் வந்தால் முழுதும் நிறுவனத்துக்கு. தாராளமான ஏற்பாடு. ஆனால் வாதாடிச் சேர்ந்தவருக்கு நட்டத்தில் பங்கில்லை என்றால், வாதம் இன்னும் உரக்கத்தான் ஒலிக்கும்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகம் 1986 முதல் நடத்தும் திட்டம் எனக்குப் பிடித்திருக்கிறது. அங்கேயும் போட்டி கடுமைதான். ஆனால் தேர்வானவர் முதல் ஆண்டு ஆய்வு உதவியாளராக இருந்து, மறு ஆண்டுதான் நிதி மேலாளர் ஆகிறார். வாசலில் தெரியாத குணங்கள் தெரிய ஓராண்டு கிடைக்கிறது. ஒரு பருவத்துக்கு மட்டும் வந்து போகும் மன்றங்களில், தான் வாங்கச் சொன்ன பங்கு என்ன ஆனது என்பதைப் பார்க்கும் முன்பே பலர் பட்டம் வாங்கிப் போய்விடுகிறார்கள்.

விண்ணப்பத்தில் ஒன்றை மாற்றச் சொன்னால், வாங்கும் பரிந்துரையை எடுத்துவிட்டு, நிதி இப்போது வைத்திருக்கும் பங்குகளில் ஒன்றை விற்கச் சொல்லி எழுதக் கேட்பேன். ஆண்டறிக்கையைக் கையில் கொடுத்து, இரண்டு வாரம் அவகாசம் தந்து. எது நடந்தால் உன் கருத்தை மாற்றிக்கொள்வாய் என்று கடைசியில் ஒரு கேள்வி. வழிகாட்டிப் புத்தகத்தில் இதற்கு விடை கிடைக்காது. சிக்கல் ஒன்றுதான்: அந்தப் பங்கை வாங்கச் சொன்னவர், நேர்காணல் மேசையின் மறுபக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.