பரிசும் வரிசையும்

பள்ளி விழாவிலும் கலைநிலையத்தின் மாணவர் கண்காட்சியிலும் ஒரு காட்சியை நாம் தவறாமல் காண்கிறோம். சுவரில் நாற்பது ஐம்பது படங்கள் தொங்குகின்றன. அவற்றுள் மூன்றின் ஓரத்தில் மட்டும் முதற் பரிசு, இரண்டாம் பரிசு, மூன்றாம் பரிசு என்னும் சீட்டுகள் ஒட்டப்பட்டிருக்கின்றன. வருவோர் அம்மூன்றின் முன் நிற்கின்றனர். ஏனையவற்றை நடந்துகொண்டே பார்த்துச் செல்கின்றனர். சீட்டை ஒட்டிய கை எதைக் கண்டு ஒட்டியது என்று கேட்பவர் மிகச் சிலரே. ஆனால், கேட்க வேண்டிய கேள்வி அதுவே.

பரிசிலைப் பற்றித் தமிழ்ப் புலவர்கள் ஆழ்ந்து எண்ணியிருக்கின்றனர். மலையமான் திருமுடிக்காரியைப் பாடிய கபிலர், கொடுத்தல் எளிது, வந்தவரின் தகுதி அறிந்து வரிசை செய்தலே அரிது என்னும் கருத்தைப் புறநானூற்றில் அவனுக்கு எடுத்துரைத்தார். பெருஞ்சித்திரனாரோ, தம்மை நேரிற் காணாமலே அதியமான் அளித்த பொருளை ஏற்க மறுத்தார். பரிசிலின் மதிப்பு பொருளில் இல்லை, கொடுப்பவனின் பார்வையில் உள்ளது என்பதன்றோ இதன் பொருள்? இந்த அளவுகோலைக் கையிற்கொண்டு, அமெரிக்காவின் சிக்காகோ நகரில் பரிசு பெற்ற இருவரின் வரலாற்றை இங்கு நோக்குவோம். சமூகக் கலைநிலையங்களில் பரிசு வழங்கும் எவருக்கும் அதில் பாடம் உண்டு.

1940ஆம் ஆண்டில், கறுப்பின மக்கள் அடிமைத்தளையினின்று விடுபட்ட 75ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி, சிக்காகோவில் 'அமெரிக்க நீக்ரோ பொருட்காட்சி' என்று அக்காலத்தில் பெயரிடப்பட்ட பெருங்காட்சி நடைபெற்றது. அதன் கலைப்பகுதியில் கரும்பென்சில் ஓவியம் ஒன்றுக்காகச் சார்லஸ் வைட் என்னும் 22 வயது இளைஞர் முதற் பரிசு பெற்றார். சிற்பத்துக்குரிய முதற் பரிசு 25 வயதான எலிசபெத் கேட்லட் என்னும் பெண்மணிக்குக் கிடைத்தது.

இருவரும் அதற்கு முன்பே பரிசுக்குரியவராய்த் தேர்ந்தவர்கள். தேர்ந்த பின்னர் அதனை இழந்தவர்கள். வைட் உயர்நிலைப் பள்ளி மாணவராக இருந்தபோதே இரண்டு கலைப்பள்ளிகளின் உபகாரச் சம்பளத்தை வென்றார். அவர் கறுப்பினத்தவர் என்று அறிந்ததும் இரண்டு பள்ளிகளும் கையை விரித்துவிட்டன. கேட்லட்டும் பிட்ஸ்பர்க் நகரத்துக் கல்லூரி ஒன்றின் தேர்வில் உபகாரச் சம்பளத்துக்குத் தேர்ந்தார். அவருக்கும் நிறத்தின் காரணமாகவே கதவு மூடப்பட்டது. படத்தைப் பார்த்துத் தகுதி என்றனர். முகத்தைப் பார்த்துத் தகுதியில்லை என்றனர். இதைவிடக் கொடிய தீர்ப்பு கலையுலகில் வேறு என்ன இருக்க முடியும்?

இந்த அநீதியைக் கண்டு இரங்கி உதவ முன்வந்தோரும் இருந்தனர். 1922இல் நிறுவப்பட்ட ஹார்மன் அறநிலையம் 1926 முதல் கறுப்பினக் கலைஞர்களுக்கெனத் தனிப்பரிசுகள் வழங்கியது. அவர்தம் படைப்புகளுக்குத் தனிக் கண்காட்சிகளும் நடத்தியது. முதலாண்டில் ஓவியத்துக்கான தங்கப் பதக்கத்தையும் 400 டாலரையும் பெற்றவர் பால்மர் ஹேடன். அவர் துப்புரவு வேலை செய்து பிழைத்தவர். செய்தித்தாள்கள் அவர் தீட்டிய கடற்காட்சியைக் காட்டிலும் அவர் செய்த வேலையையே பெரிதாக எழுதின.

இப்பரிசுகளால் பயன் விளையவில்லை என்பது நம் கருத்தன்று. படத்தை மாட்டச் சுவரே இல்லாதிருந்த பலருக்கு அவை முதன்முதலாகச் சுவர் தந்தன. ஆயினும் 1934இல் ரொமாரே பியர்டன் என்னும் இளம் ஓவியர், 'ஆப்பர்சூனிட்டி' இதழில் எழுதிய கட்டுரையில் இவ்வறநிலையத்தின் போக்கைக் கடுமையாகக் கண்டித்தார். இரக்கத்தோடு தட்டிக்கொடுக்கும் மனப்பான்மை தரத்தைத் தாழ்த்திவிடுகிறது என்பது அவர் குற்றச்சாட்டு. தம் இனத்தவருக்குக் கிடைக்கும் உதவியைத் தாமே குறைகூற அவருக்கு எத்துணைத் துணிவு வேண்டியிருந்திருக்கும்!

முகத்தைக் கண்டு பரிசை மறுத்தது ஒரு பிழை. முகத்தைக் கண்டு பரிசை வழங்கியது மற்றொரு பிழை. முன்னது கொடுமை, பின்னது கருணை. இரண்டையும் ஒரு தட்டில் வைத்தல் தகாது. ஆனால் கலைஞனின் பக்கத்திலிருந்து நோக்கினால் இரண்டிலும் ஒரு குறை பொதுவாக இருக்கிறது. அவன் செய்த பொருளை எவரும் நின்று பார்க்கவில்லை. பெருஞ்சித்திரனார் மறுத்தது இத்தகைய பரிசிலைத்தான்.

அவ்வாறாயின் நின்று பார்க்கும் கண் எங்கே உருவாகும்? சிக்காகோவின் தென்பகுதி மக்கள் இதற்கு ஒரு விடை கண்டனர். அரசாங்கத்தின் கலைத்திட்டம் ஆசிரியர்களுக்கு ஊதியம் தர முன்வந்தது. கட்டிடத்தை மக்களே தேட வேண்டியிருந்தது. மார்கரெட் பரோஸ் என்னும் இளம் பெண்மணியும் அவர் தோழர்களும் தெருமுனையில் நின்று பத்துக் காசு நாணயங்களாகத் திரட்டினர். நாணயங்களை ஒரு மைல் நீளத்துக்கு அடுக்குவோம் என்பது அவர்களின் முழக்கம். ஒரு பழைய மாளிகை வாங்கப்பட்டது. 1940 டிசம்பரில் தென்பகுதிச் சமூகக் கலைநிலையம் அங்குத் தொடங்கியது. 1941 மே 7ஆம் நாள் அதிபரின் துணைவியார் எலியனார் ரூஸ்வெல்ட் அதனை முறைப்படி திறந்துவைத்தார்.

வகுப்பறையும் காட்சிக்கூடமும் ஒரே கூரையின்கீழ் அமைந்ததே அந்நிலையத்தின் சிறப்பு. முந்திய ஆண்டில் பரிசு பெற்ற வைட் அங்கு ஆசிரியராக நின்றார். அதே பரிசைச் சிற்பத்தில் பெற்ற கேட்லட், 1941ஆம் ஆண்டுக் கோடையில் அங்கே மாணவியாக அமர்ந்து கல்லச்சு ஓவியம் பயின்றார். முதற் பரிசு பெற்றவர் மறு ஆண்டில் மாணவர் இருக்கையில் அமர்வதைக் கண்ட பிள்ளைகளுக்கு, பரிசு என்பது படிப்பின் முடிவன்று என்பதை வேறொருவர் சொல்லித்தர வேண்டுமோ? கேட்லட் பின்னர் மெக்சிகோவில் குடியேறிச் சிற்பத்தாலும் அச்சோவியத்தாலும் உலகப் புகழ் எய்தினார்.

கார்டன் பார்க்ஸின் செய்தியும் இங்குக் குறிக்கத்தக்கது. அந்நிலையம் அவருக்குப் புகைப்படம் கழுவ இருட்டறை தந்தது. அவர் எடுத்த படங்களைச் சுவரில் மாட்டியது. அதன் பயனாக ரோசன்வால்ட் நிதியத்தின் ஆய்வுதவியைப் பெற்ற முதற் புகைப்படக் கலைஞர் அவரே ஆனார். உழைக்க இடமும், படைப்பைப் பலர் பார்க்க வாய்ப்பும் முன்னே வந்தன. பரிசு பின்னே வந்தது. முறையும் அதுவே.

இனிப் பரிசு பெற்ற படைப்புகளைப் பார்ப்போம். வைட்டின் ஓவியத்துக்கு 'இவ்வாண்டு விளைச்சல் இல்லை' என்று பெயர். வண்ணம் ஏதுமில்லை, பென்சில் ஒன்றே கருவி. படத்தை நிறைத்து நிற்போர் உழவர் இருவர். வெறுமையான களத்தைத் தேடி நம் கண் அலைய வேண்டியதில்லை. விளைச்சல் பொய்த்த செய்தியை அவர்கள் முகமே உரைக்கிறது. கேட்லட்டின் சிற்பம் சுண்ணக்கல்லில் அமைந்த தாயும் சேயும். அஃது அயோவாப் பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் பட்டத்துக்காக அவர் செய்த படைப்பு. அங்கு அவருக்கு ஆசிரியராக இருந்த கிராண்ட் வுட், தமக்கு நன்கு தெரிந்ததையே படைக்குமாறு மாணவர்க்கு அறிவுறுத்தியவர். வுட் வெள்ளையர், தம் ஊர் வெள்ளைக் குடியானவர்களைத் தீட்டிப் புகழ்பெற்றவர். அவருடைய மாணவி அவரைப் பார்த்துக் குடியானவரைச் செதுக்கவில்லை. தாம் அறிந்த கறுப்பினத் தாயைச் செதுக்கினார். ஆசிரியரின் கையைப் பின்பற்றாமல் அவர் சொல்லைப் பின்பற்றிய மாணவி அவர். நடுவர் கண்டுகொள்ள வேண்டிய வேறுபாடு இதுவே.

சமூகக் கலைநிலையங்களின் மேல் ஒரு குறை கூறப்படுவதுண்டு. உறுப்பினர் ஒருவரையொருவர் நன்கு அறிந்தவர் ஆதலின், பரிசு முறை வைத்துப் பங்கிடப்படும் என்பர். குறை மெய்யானதே. நண்பனுக்கென்று கொடுப்பதும் முகத்தைக் கண்டு கொடுப்பதுதானே? பெயரை மறைத்துப் படங்களை நடுவர்முன் வைப்பது ஓரளவு துணைசெய்யும். அதனினும் மேலானது, பரிசு பெற்ற படத்தின் அருகே நடுவர் கண்டது இன்னதென்று இரண்டு வரி எழுதி வைப்பது. இரண்டு வரி எழுத இயலாத நடுவர் படத்தைப் பார்க்கவில்லை என்றே கொள்ளலாம். பரிசு பெறாத மாணவனும் அவ்வரிகளைப் படிப்பான்; தன் படத்தை மீண்டும் ஒருமுறை பார்ப்பான்.

போர்க்காலத்தில் அரசாங்க உதவி நின்றது. நாடெங்கும் அத்திட்டத்தால் எழுந்த நிலையங்களுட் பெரும்பாலானவை மறைந்தன. சிக்காகோவின் தென்பகுதி நிலையமோ, மக்கள் காசு சேர்த்து வாங்கிய அதே மாளிகையில் நிலைபெற்றது. வைட் 1965 முதல் 1979இல் மறையும் வரை லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஆசிரியராகப் பணியாற்றினார். இன்று பெரும்புகழ் பெற்ற கெரி ஜேம்ஸ் மார்ஷல் அவரிடம் பயின்றவர். 1940ஆம் ஆண்டின் பதக்கத்தை நினைப்பவர் சிலரே. அப்பரிசு பெற்றவர் பிறர்க்குத் திறந்த கண்களோ இன்றும் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

நம் பள்ளிகளிலும் கட்டுரை, ஓவியம், பேச்சு எனப் போட்டிகள் நடக்கின்றன; ஆசிரியர்களே நடுவராக அமர்கின்றனர். பரிசுச் சீட்டைக் கையில் எடுக்கும்போது, கொடுத்தல் எளிது, வரிசை அறிதலே அரிது என்னும் கபிலரின் கருத்தை ஒருகணம் நினைத்துக்கொள்வார்களாக.