வண்ணம் பூசிய யானைகளும் வாய்மூடிய கலையும்

2002ஆம் ஆண்டிலே அமெரிக்கத் தலைநகராகிய வாஷிங்டனின் வீதியோரங்களில் நூறு யானைகளும் நூறு கழுதைகளும் வந்து நின்றன. யானைக்கு ஓர் உரு, கழுதைக்கு ஓர் உரு என முன்னரே வார்க்கப்பட்ட சிலைகள் அவை. நகரத்தின் கலை ஆணைக்குழு அவற்றை உள்ளூர் ஓவியர்களின் கையிற் கொடுத்தது. ஓவியர்கள் தத்தம் கற்பனைக்கேற்ப வண்ணம் தீட்டினர். மக்கள் கண்டு களித்தனர். ஈற்றில் சிலைகள் ஏலத்தில் விடப்பட்டன. ஏலப்பணம் கலை வளர்ச்சிக்கும் கலைக்கல்விக்கும் என்று அறிவிக்கப்பட்டது. நல்ல நோக்கம், மலர்ந்த முகங்கள், மலிந்த வண்ணங்கள். இதிலே குறை காண என்ன இருக்கிறது என்று வாசகர் கேட்கலாம். அக்கேள்விக்கு விடை தேடுவதே நமது நோக்கம்.

இத்தகைய காட்சிகளுக்கு ஒரு வரலாறு உண்டு. 1998இல் சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரத்து வணிகர் சங்கம் வண்ணப் பசுக்களை வீதியில் நிறுத்தியது. அதனைக் கண்ட சிக்காகோ நகரத்துப் பாதணி வியாபாரி ஒருவர், தமது நகரின் பண்பாட்டு அதிகாரிகளின் துணையுடன் 1999இல் முந்நூறுக்கு மேற்பட்ட பசுக்களை அங்கு கொண்டுவந்தார். அவற்றுட் பல ஏலத்தில் விலைப்பட்டு, மூன்று மில்லியன் டொலருக்கு மேற்பட்ட தொகை தருமப் பணிகளுக்குச் சேர்ந்தது. 2000இல் நியூயோர்க் இதனைப் பின்பற்றியது. அதன்பின் நகரந்தோறும் பசுவும் கரடியும் யானையுமாக இவ்வழக்கம் பரவிற்று. இதன் பிறப்பு ஓவியனின் கூடத்தில் நிகழவில்லை, கடைத்தெருவில் நிகழ்ந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

இதன் நன்மைகளை மறுப்பதற்கில்லை. கலைக்கூடத்தின் வாசற்படியை ஒருநாளும் மிதியாத தொழிலாளியும் அவன் பிள்ளையும் கட்டணமின்றி ஓவியனின் கைவண்ணத்தைக் காண்கின்றனர். அறியப்படாத உள்ளூர்க் கலைஞனுக்கு ஓர் அரங்கு கிடைக்கிறது. 2013இல் பிரித்தானியாவின் பிறிஸ்டல் நகரில், கேலிப்படங்களாற் புகழ்பெற்ற குரொமிற் என்னும் நாயின் சிலைகள் எண்பது நிறுத்தப்பட்டு ஏலம் விடப்பட்டபோது, சிறுவர் மருத்துவமனைக்கு உதவும் நிதிக்கு இரண்டு மில்லியன் பவுணுக்கு மேல் சேர்ந்தது. நோயுற்ற குழந்தைக்கு உதவும் பணத்தை எள்ளி நகையாடுவது முற்போக்காகாது. அது வெறும் வறட்டுத்தனம்.

முன்னரே அமைந்த உருவத்தின்மேற் கலைஞன் வேலை செய்வதையும் நாம் குறையாகக் கொள்ளவில்லை. வெண்பாவின் இலக்கணம் புலவனின் வாயைக் கட்டிவிடவில்லை. கட்டுப்பாட்டுக்குள் நின்று சிந்தித்த கலைஞர் எல்லா நாடுகளிலும் இருந்தனர். ஆகவே, விலங்கின் உடலை வேறொருவர் வார்த்தார் என்பதனால் மட்டும் ஓவியன் அடிமையாகிவிடமாட்டான். உருவம் பிறர் தந்ததாகலாம். உள்ளடக்கத்தையும் பிறரே வரையறுத்துவிட்டால் எஞ்சுவது என்ன? இதுவே பிரச்சினை.

வாஷிங்டன் ஆணைக்குழு விதித்த நிபந்தனைகளுள் இரண்டு நமது கவனத்துக்குரியவை. சிலைகளில் நேரடி வர்த்தக விளம்பரம் இருத்தலாகாது. சமூக அவமதிப்பும் இருத்தலாகாது. முதலாவது வரவேற்கத்தக்கது. இரண்டாவதை எண்ணும்போது நமக்கு நகைப்பும் வேதனையும் ஒருங்கே எழுகின்றன. அந்த யானையும் கழுதையும் எங்கிருந்து வந்தவை? 1828இல் அன்ட்ரூ ஜாக்சன் சனாதிபதிப் பதவிக்குப் போட்டியிட்டபோது அவரைக் கழுதை என எதிரிகள் ஏசினர். பின்னர், கேலிச்சித்திரக் கலைஞர் தோமஸ் நாஸ்ற் 1870இல் கழுதையையும் 1874இல் யானையையும் தமது தூரிகையாற் கட்சிகளின் முதுகில் ஏற்றினார். அதாவது, இவ்விரு விலங்குகளும் அரசியல் அவமதிப்பின் வயிற்றிலே பிறந்தவை. அவமதிப்பிற் பிறந்த பிள்ளைகளை வீதியில் நிறுத்திவிட்டு, அவமதிப்புக்கு இங்கு இடமில்லை என்று ஆணையிடுவது தாயை வெளியே தள்ளிக் கதவடைப்பதை ஒத்தது. நாஸ்ற் உயிரோடு வந்து ஒரு யானையைக் கேட்டிருப்பின், அவருக்கும் அது மறுக்கப்பட்டிருக்கும்.

இது வெறும் ஊகமன்று. விலங்குகளின் உரிமைக்காகப் போராடும் பீற்றா என்னும் அமைப்பு நன்கொடையாளர் வரிசையிற் சேர்ந்து, தனக்குரிய யானைக்கு ஒரு வடிவத்தை முன்வைத்தது. சர்க்கஸ் யானையின் கண்களில் நீர், காலிலே விலங்கு, உடலிலே அதன் துன்பத்தைக் கூறும் வாசகம். ஆணைக்குழு அதனை நிராகரித்தது. வழக்குத் தொடரப்பட்டது. அவ்வாண்டே கீழ்நீதிமன்றம் பேச்சுச் சுதந்திரத்தின் பெயரால் அந்த யானைக்கு வீதியில் இடமளித்தது. ஆயின், 2005இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. பொது நூலகம் தனக்கு வேண்டிய நூல்களைத் தெரிவது போல, ஆணைக்குழுவும் தனக்கு வேண்டிய சிலைகளைத் தெரிந்தது. இங்கு பேசியது அரசே. என்ன பேசுவது என்பதைத் தீர்மானிக்கும் உரிமையும் அரசுக்கே என்பது அத்தீர்ப்பின் சாரம்.

சட்ட நுணுக்கத்தில் நாம் புக விரும்பவில்லை. விமர்சகனுக்கு அத்தீர்ப்பு ஓர் அரிய ஒப்புதல் வாக்குமூலமாகும். வீதியிற் பேசியவர்கள் உள்ளூர்க் கலைஞர்கள் என்றே மக்கள் எண்ணினர். பேசியது அரசு என்று நீதிமன்றம் கூறிவிட்டது. அங்ஙனமாயின் இருநூறு விலங்குகளின் வாயால் அரசு கூறிய செய்தி யாது? எல்லாம் நலம், யாவரும் மகிழ்க என்பதைத் தவிர வேறொன்றை நாம் கேட்கவில்லை. கலைஞனின் பெயரும் கைவண்ணமும் அச்செய்திக்கு முகமூடியாயின.

இனி, பீற்றாவின் யானை சிறந்த கலைப்படைப்பா? அல்ல என்றே கூறவேண்டும். கண்ணீரும் விலங்கும் போதாவென்று வாசகமும் எழுதிய அது ஒரு சுவரொட்டி. எதிர்ப்புக்குரல் இருப்பதனால் மட்டும் எதுவும் கலையாகிவிடாது. நம்மவரிற் சிலர் இவ்வுண்மையை அடிக்கடி மறந்துவிடுகின்றனர். ஆனால் அது தரத்தின் பெயரால் நிராகரிக்கப்பட்டிருப்பின் நமக்கு வழக்கில்லை. இரண்டாண்டுகளுக்கு முன்னர், நியூயோர்க் காட்சிக்கென வரைபடக் கலைஞரும் திரைப்பட நெறியாளருமான டேவிட் லிஞ்ச் ஒரு பசுவை ஆக்கினார். தலை வெட்டுண்ட பசு. முதுகிலே குத்தி நிற்கும் கத்திகளும் முள்ளுக்கரண்டிகளும். ‘என் அச்சத்தை உண்’ என்பது அதன் பெயர். அதில் எவரும் கலைத்திறன் இல்லை எனல் இயலாது. அதற்கும் நகரத்து வீதியில் இடம் கிடைக்கவில்லை. சுவரொட்டியும் தள்ளப்பட்டது, கலைப்படைப்பும் தள்ளப்பட்டது. இரண்டுக்கும் பொதுவானது ஒன்றே: இரண்டும் விலங்கை விலங்காகப் பார்த்தன.

சிக்காகோவின் பசுக்களையும் இவ்வொளியிலேயே நோக்கவேண்டும். அந்நகரம் பசுவாலும் பன்றியாலும் வளர்ந்த நகரம். அதன் பெரும் தொழுவங்கள் 1865இல் திறக்கப்பட்டு 1971இல் மூடப்பட்டன. அங்கே உழைத்த குடியேறிகளின் இரத்தக்கண்ணீரை அப்டன் சிங்கிளேயர் 1906இல் தமது ‘காடு’ நாவலில் உலகறியச் செய்தார். கொலைக்களத்தின் துர்நாற்றம் நீங்கி முப்பதாண்டுகள் நிறையுமுன், அதே நகரத்துக் கடைவீதியில் பசு பூச்சூடி நின்றது. அதனைச் செதுக்கிய வரலாறு எங்கே? அறுத்த கைகள் எங்கே? வேடிக்கைப் பொருளாகிவிட்ட விலங்கு, உழைப்பின் நினைவை நம்மிடமிருந்து மெல்லக் கழற்றி எடுத்துவிடுகிறது.

தருமத்தைப் பற்றியும் ஒரு சொல். கலைக்கல்விக்குப் பணம் திரட்ட ஏலம் வேண்டியிருக்கிறது என்பது ஆசிரியர்களாகிய நம்மைச் சிந்திக்கச் செய்யவேண்டும். பாடசாலையில் தூரிகை பிடிக்கும் பிள்ளையின் உரிமை, செல்வந்தன் ஒருவன் ஏலத்திலே கையுயர்த்துவதைப் பொறுத்ததா? ஏலத்தில் எது அதிக விலைபோகும்? கண்டவுடன் இனிப்பது, வரவேற்பறையில் உறுத்தாதது. எனவே, ஆணைக்குழுவின் விதி இல்லாதிருப்பினும் ஏலத்தின் விதி அங்கு இருந்தே தீரும். முன்னது எழுதப்பட்டது, பின்னது எழுதப்படாதது. எழுதப்படாத விதியே கொடியது. கலைஞன் அதனைத் தன் விருப்பம் என்று எண்ணிக்கொள்கிறான்.

வீதிக்கு வந்த கலையை மீண்டும் கூடத்துக்குள் அடைக்கும்படி நாம் கூறவில்லை. வீதிக்கு வந்ததே அதன் பெருமை. நாம் கேட்பது இதுதான்: யானையின் முதுகை ஓவியனுக்குக் கொடுப்பவர்கள் அதன் வாயையும் அவனிடம் விட்டுவிடுக. இருநூறு விலங்குகளுள் ஒன்றாவது அழட்டும், ஒன்றாவது ஏசட்டும். அதன் விலை ஏலத்திற் குறையலாம். கலையின் விலை அதனாற் குறைந்துவிடாது.